பதில் எழுதும் கை

பெரிய பல்கலைக்கழகங்களின் பாடமே கைப்பேசிக்கு வந்துவிட்டால் படிப்புக்கு இனி என்ன தடை? ஹார்வர்டும் எம்ஐடியும் சேர்ந்து எட்எக்ஸ் தளத்தைத் தொடங்கிய 2012-இல் பலரும் இப்படித்தான் நம்பினார்கள். அவ்விரண்டும் அதில் நடத்திய பாடங்களின் ஆறாண்டுத் தரவுகளை அலசிய ஆய்வொன்று 2019-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. 2017-18-இல் சேர்ந்தவர்களில் படித்து முடித்தவர்கள் சுமார் 3 சதவீதம்தான்! 'வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் சேர்த்து எண்ணலாமா' என்று கேட்டால், நியாயம்தான். ஆனால் சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களை மட்டும் எண்ணினாலும் 46 சதவீதமே தேறுகிறது. காசு கொடுத்து ஏறியவர்களிலும் பாதிக்கு மேல் நடுவழியில் இறங்கிவிட்டார்கள்.

இதற்குப் பாடக் காணொளியின் தரத்தைக் குறைசொல்ல முடியாது. இல்லாதது வேறொன்று. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971-இல் பாடம் தொடங்கியபோது முக்கியமாக இருந்தவை தபாலில் வரும் புத்தகமும் பிபிசி ஒளிபரப்பும். கூடவே ஒன்று: மாணவரின் விடைத்தாளைத் திருத்தி, எங்கே சறுக்கினார் என்று ஓரத்தில் குறிப்பெழுதி அனுப்பும் ஆசிரியர். தனியாகப் படிப்பவருக்குச் சந்தேகம் வரும். பதில் வராவிட்டால் சந்தேகம் சலிப்பாகும். லட்சம் பேருக்கு ஆசிரியர் வைத்தால் கட்டுபடியாகுமா? ஆகாதுதான். அதற்காக ஆளே வேண்டாம் என்று ஆகிவிடாது. சிறு சிறு குழுவுக்கு ஒருவர் போதும். நம் நாட்டின் இணையவழிப் பாடத் தளமான 'ஸ்வயம்' தளத்திலும் கேள்வி கேட்க இடமுண்டு. கேள்விப்பெட்டி இருப்பது வேறு, பதில் வருவது வேறு. ஒரு பருவப் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் தளத்தில் படிக்கலாம் என்று 2021-இல் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதித்திருக்கிறது. அத்தனை பாடத்தைத் தளத்திடம் விடும் கல்லூரி, சந்தேகம் தீர்க்க வாரம் ஒரு மணி நேரமாவது ஓர் ஆசிரியரை உட்கார வைக்கலாமே!