தமிழ்ப்பெயர் வைத்தால் மட்டும் போதுமா?

(கைவினைத் தொழில் தொடங்கியுள்ள இளைஞர்கள் திருமயிலையில் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மொழியைப் பற்றிப் பேசவே பல மேடைகள் ஏறியவன் நான். இன்று தொழிலைப் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். இரண்டும் வேறு வேறல்ல. தன் கையால் உண்ணாதவன் தன் வாயால் பேசவும் இயலாது. பிறன் இடும் சோற்றுக்குக் காத்திருப்பவன், அவன் விரும்பும் மொழியில்தான் நன்றி சொல்ல வேண்டியிருக்கும்.

கூட்டம் தொடங்குமுன் தங்கை ஒருவர் என்னிடம் ஒரு வினாவை எழுப்பினார். அவர் தியாகராயர் நகரில், தம் வீட்டு மாடியில், தமிழ் எழுத்துகளைத் துணியில் அச்சிட்டுப் பைகள் செய்து விற்று வருகிறார். எழுத்தின் வடிவம் அவரே வரைந்தது. தொழிலின் பெயர் அவரே தேர்ந்த தமிழ்ப்பெயர். பெரிய கடையொன்று திங்கள்தோறும் 200 பைகள் எடுத்துக்கொள்ள முன்வந்துள்ளது. ஆனால் இரண்டு கட்டுப்பாடுகள் விதித்திருக்கிறது. பையில் இவர் பெயர் இருத்தலாகாது. கடையின் ஆங்கிலப் பெயரே இருத்தல் வேண்டும். பை ஒன்றுக்கு 150 உருபாவே தருவார்கள். “ஐயா, இதற்கு நான் ஒப்புக்கொள்ளலாமா?” என்று கேட்டார்.

சில ஆண்டுகட்கு முன்னராயின், “ஒப்பாதே! தூக்கி எறி!” என்று முழங்கியிருப்பேன். நீங்களும் கைதட்டியிருப்பீர்கள். மறுநாட்காலை அத்தங்கை துணி தந்தவர்க்குக் கடனை எவ்வாறு தீர்ப்பார் என்பதை நானும் எண்ணியிரேன், நீங்களும் எண்ணியிரீர். இன்று அவ்வாறு முழங்க என் நா எழவில்லை. கரணியம் என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

இதே திருமயிலையில், மாட வீதியை ஒட்டிய சந்தொன்றில், நான் ஒரு சிற்றச்சகம் வைத்திருந்தேன். அதன் பெயர் தூய தமிழ். ‘விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை’ என்று எழுதிக்கொண்டு வந்தவர்களிடம் வாதாடித் ‘திருமண அழைப்பிதழ்’ என்று மாற்றி அச்சிட்டுக் கொடுத்தேன். மாற்ற மறுத்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. ஆனால் அவ்வச்சகம் இன்றில்லை. ‘தமிழுக்காக நின்றதால் தொழில் நொடித்தது’ என்று நெடுநாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பொய். என்னை நானே ஏமாற்றிக்கொண்ட பொய்.

உண்மை யாது? நான் கணக்கேடு எழுதவில்லை. தாளின் விலையையும் மையின் விலையையும் கூட்டினேன். என் உழைப்பின் விலையைக் கூட்டவில்லை. சொன்ன நாளில் வேலையை முடித்துத் தரவில்லை. எல்லாவற்றினும் மேலாக, நம் தோழர்கள் கேட்ட துண்டறிக்கைகளையும் மலர்களையும் கடனுக்கு அச்சிட்டுக் கொடுத்தேன். பணம் கேட்டபொழுது, “தமிழுக்கா காசு கேட்கிறீர்கள்?” என்றனர். நானும் நாணித் தலைகுனிந்தேன். தாள் விற்றவர் என்னிடம் அவ்வாறு நாணவில்லை! ஆகவே, என் தொழிலை வீழ்த்தியது தமிழன்று. தமிழின் பெயரால் நான் செய்துகொண்ட சோம்பல்.

இனி, வீழாமல் நின்ற ஒன்றைக் காட்டுகிறேன். அதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டா. அடையாற்றைக் கடந்து, திருவான்மியூரைக் கடந்து, கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால் ஈஞ்சம்பாக்கம் வரும். அங்கே சோழமண்டலக் கலைஞர் சிற்றூர் இருக்கிறது. உங்களுள் பலர் அதன் வாயிலைக் கடந்து மாமல்லபுரத்திற்குச் சென்றிருப்பீர்கள். அவ்வூர் எவ்வாறு எழுந்தது என்பதை அறிந்தோர் சிலரே.

1850-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சென்னைக் கலைத் தொழிற் பள்ளிக்கு, 1957-ஆம் ஆண்டு முதல் முதல்வராக இருந்தவர் ஓவியர் கே.சி.எசு. பணிக்கர். அவரிடம் பயின்று வெளிவந்த இளைஞர்கட்கு ஒரு பெருந்துன்பம் காத்திருந்தது. அன்றைய சென்னையில் புதுமுறை ஓவியத்தை விலை கொடுத்து வாங்குவார் மிகச் சிலரே. ஆகவே, ஐந்தாறு ஆண்டுகள் கலை பயின்றவன், படிப்பு முடிந்ததும் தூரிகையை மூலையில் வைத்துவிட்டு, ஏதேனும் ஒரு வேலைக்குப் போக வேண்டும். அன்றேல், வாங்குவோன் விரும்பும் படத்தை அவன் விரும்பும் வண்ணத்தில் வரைந்து கொடுக்க வேண்டும். முன்னது கலையைக் கொல்லும். பின்னது கலைஞனைக் கொல்லும்.

பணிக்கரும் மாணாக்கரும் மூன்றாவது வழியொன்றைத் தேடினர். கலை சோறு போடாதாயின், கலையோடு உறவுடைய கைவினை சோறு போடட்டும் என்று துணிந்தனர். கலைஞர் கைவினைக் கழகம் ஒன்றை அமைத்தனர். சாவகத் தீவில் பெயர்பெற்ற மெழுகுச்சாய வினையைக் கையிலெடுத்தனர். ‘பாத்திக்’ என்று மக்கள் வழங்குவது அதுவே. உருக்கிய மெழுகைத் துணியில் வேண்டிய வடிவில் இட்டு, துணியைச் சாயத்தில் தோய்த்தால், மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. பின்னர்க் கொதிநீரில் மெழுகை நீக்கினால் ஓவியம் துலங்கும். ஓவியம் வாங்கத் தயங்கியவர்களும் அத்துணிகளை விரும்பி வாங்கினர். அவ்வருவாயைத் திரட்டித்தான், கடலையடுத்த மணற்பாங்கில் ஏறத்தாழப் பத்து ஏக்கர் நிலம் வாங்கி, 1966-ஆம் ஆண்டு அச்சிற்றூரை நிறுவினர்.

அரசு ஊர் கட்டித் தரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. எந்தச் செல்வரின் வாயிலிலும் கிடக்கவில்லை. குடிசை போட்டனர்; ஒரு பகுதி நேரம் கைவினை, ஒரு பகுதி நேரம் ஓவியமும் சிற்பமும் என்று வாழ்ந்தனர். அங்கே செப்புத் தகட்டைப் பற்றவைத்துப் புதுவகைச் சிற்பம் படைத்தார் நந்தகோபால். இளமையிலேயே 1973-ஆம் ஆண்டு மறைந்துவிட்ட இராமானுசம், தம் கனவுலகையெல்லாம் கோடுகளாக்கினார். காலப்போக்கில் ஓவியங்கட்கே வாங்குவோர் பெருகினர். மெழுகுச்சாய வினை மெல்லக் குறைந்தது. அது தன் கடமையை முடித்துவிட்டது. 2009-ஆம் ஆண்டு, சென்னை ஓவிய இயக்கத்தாரின் படைப்புகளைக் காக்கும் காட்சியகமும் அங்கே திறக்கப்பெற்றது. அரை நூற்றாண்டுக்கு மேலாக அவ்வூர் நிற்கிறது.

அன்பர்களே! இதிலிருந்து நாம் கற்க வேண்டுவன மூன்று.

முதலாவது, வயிற்றுக்கான வினை வேறு, நெஞ்சுக்கான வினை வேறு என்று பிரித்தறியும் தெளிவு. அவர்கள் துணி விற்றதில் இழிவு காணவில்லை. துணியில் வாங்குவோர் விருப்பத்திற்கு ஓரளவு வளைந்தனர். ஓவியத்தில் ஒரு நூலிழையும் வளையவில்லை. எல்லாவற்றிலும் வளைபவன் அடிமை. எதிலும் வளையாதவன், என்னைப்போல், கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போவான். எதில் வளையலாம், எதில் வளையலாகாது என்று முன்கூட்டியே வரையறுத்துக்கொண்டவனே தன் நெறிப்படி தொழில் நடத்துவான்.

இரண்டாவது, கூடி நிற்றல். தனி ஓவியன் ஒருவனால் பத்து ஏக்கர் நிலத்தைக் கனவிலும் வாங்கியிருக்க முடியாது. இங்கே இருபது பேர் அமர்ந்திருக்கிறீர்கள். இருபது பேரும் தனித்தனியே துணி வாங்குகிறீர்கள். தனித்தனியே விலை பேசித் தனித்தனியே தோற்கிறீர்கள். நெசவாளரிடம் ஒன்றாய்ச் சென்று துணி எடுங்கள். திங்களுக்கு ஒருமுறை ஒரே கூடத்தில் கடை விரியுங்கள். செய்பொருள் அவரவர்க்குத் தனி, சுமை பொது.

மூன்றாவது, பெயர். இக்கீழைக் கடற்கரைக்கு ஐரோப்பியர் இட்ட ‘கோரமண்டல்’ என்னும் பெயர், ‘சோழமண்டலம்’ என்பதன் திரிபே என்பது அறிஞர் பலர் கருத்து. அவ்வோவியர்கள் திரிந்த வடிவத்தை எடுக்கவில்லை. திரியாத வடிவத்தையே தம் ஊருக்குச் சூட்டினர். இத்தனைக்கும் அவர்களுள் தமிழரும் இருந்தனர். மலையாளியரும் பிறரும் இருந்தனர். வெளிநாட்டார் எவரும் அப்பெயர் வாயில் நுழையவில்லை என்று திரும்பிப் போகவில்லை. தமிழ்நாட்டரசின் கைவினைப் பொருள்கள் ‘பூம்புகார்’ என்னும் பெயரில் விற்கின்றன. சென்னையில் காலையில் எழுந்தால் ‘ஆவின்’ என்று கேட்டுப் பால் வாங்குகிறோம். அஃது ‘ஆவினது’ என்று பொருள்படும் நல்ல தமிழ்ச்சொல் என்பதை எண்ணாமலே வாங்குகிறோம். ஒரு தமிழ்ப்பெயர்க்கு இதைவிட வேறென்ன வெற்றி வேண்டும்? ஆயின், பால் திரிந்திருந்தால் பெயரின் இலக்கணத்தை எவரும் வியக்கமாட்டார்கள் என்பதையும் மறவாதீர்கள்.

பெயரைச் சூட்டியதோடு நின்றுவிடாமல், அதனைப் பதிவு செய்து காக்க வேண்டும். 1999-ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டம் தமிழெழுத்தில் அமைந்த பெயரையும் ஏற்கிறது. அதன் ஒலிப்பையும் பொருளையும் வேண்டுகையில் குறித்துத் தர வேண்டும், அவ்வளவே. பதிவகம் நம் கிண்டியிலேயே இருக்கிறது. தனியாளும் சிறுதொழில் நடத்துவோரும் இணையவழி வேண்டுகைக்குக் கட்டும் தொகை, ஒரு பொருள்வகைக்கு 4,500 உருபா. பதிவு பத்தாண்டுகள் செல்லும், பின்னர்ப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் கருத்தில் வையுங்கள்: ‘துணிப்பை’ என்பதுபோல் பொருளையே குறிக்கும் பொதுச்சொல்லைப் பெயராக வைத்தால், அதனை உங்கட்கே உரியதென்று சட்டம் எளிதில் ஒப்பாது. தனித்து நிற்கும் சொல்லைத் தேடுங்கள். நம் மொழியில் சொற்பஞ்சமா?

இப்பொழுது தங்கையின் வினாவுக்கு வருகிறேன். அவரோடு அமர்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பை ஒன்றுக்குத் துணி 60 உருபா, தையற்கூலி 40, சாயம் 15, மின்சாரமும் வண்டிக்கூலியும் 15. ஆக 130. கடை தருவது 150. “இருபது உருபா ஊதியம் கிடைக்கிறதே ஐயா” என்றார். “உன் கைக்கூலி எங்கே, அம்மா?” என்று கேட்டேன். விடை இல்லை. பை ஒன்றுக்கு அவர் உழைப்பை 50 உருபா என்று மதித்தால் அடக்கவிலை 180 ஆகிறது. அப்படியாயின், ஒவ்வொரு பைக்கும் 30 உருபா இழப்பு; 200 பைக்குத் திங்கள்தோறும் 6,000 உருபா இழப்பு. தம் பெயரை அழித்துக்கொள்வதற்கு இவரே அக்கடைக்குப் பணம் கட்டுகிறார் என்று பொருள்!

ஆகவே, தங்கையே, அக்கடையைத் திட்டி அனுப்ப வேண்டா. எழுத்து அச்சிடாத எளிய பை ஒன்றை அவர்களுக்கென்று தனியே செய். அதில் அவர்கள் பெயரையே போட்டுக்கொள்ளட்டும். விலை மட்டும் உன் கூலியும் ஊதியமும் சேர்ந்த விலையாக இருக்கட்டும். பாதித் தொகையை முன்பணமாகக் கேள். கிழமையில் மூன்று நாள்கட்கு மேல் அவ்வேலைக்குக் கொடாதே. அஃது உன் மெழுகுச்சாய வினை. நீ வரைந்த தமிழெழுத்து இருக்கிறதே, அஃது உன் ஓவியம். அது உன் பெயரோடுதான் வெளிவர வேண்டும். எவ்வளவு விலை தந்தாலும் பெயர் நீக்கி விற்காதே. அவர்கள் இதற்கு இசையாவிடின், கும்பிட்டு எழுந்து வா. கணக்குத் தெரிந்து எழுந்து வருபவளின் நடை, சினத்தில் எழுந்து வருபவளின் நடையினும் உறுதியாக இருக்கும்.

இறுதியாக, இங்கு வந்துள்ள இயக்கத் தோழர்கட்கு ஒரு சொல். தமிழில் பெயர்ப்பலகை வையென்று கடைகடையாய்ச் சென்று கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் அவ்வாறு வைத்தவனிடம் சென்று பொருள் வாங்குகிறோமா? வாங்கினாலும், ‘நம்மவர்தானே’ என்று விலையைக் குறைக்கச் சொல்கிறோம், கடன் சொல்கிறோம். நம்மவர் என்பதற்காகவே முழுவிலையையும் உடனே தருவதன்றோ முறை? வள்ளுவப் பெருந்தகை ‘பொருள் செயல்வகை’ என்று ஓர் அதிகாரமே வகுத்து வைத்தார். நாமோ பொருளைப் பற்றிப் பேசுவதே இழுக்கென்று கருதுகிறோம். என் அச்சகத்தின் கடன்பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதிலுள்ள பெயர்களைப் படித்துக் காட்டப் போவதில்லை, அஞ்ச வேண்டா! அடுத்த அச்சகத்தின் பட்டியலில் நம் பெயர் இல்லாதவாறு பார்த்துக்கொள்வோம்.

இளைஞர்களே! பெயரைத் தமிழில் வையுங்கள். அப்பெயர்க்கு இழுக்கு வராத பொருளைச் செய்யுங்கள். சொன்ன நாளில் கொடுங்கள். நாள்தோறும் இரவில் கணக்கெழுதிவிட்டு உறங்குங்கள். எங்கே வளைவது, எங்கே நிமிர்வது என்பதை நீங்களே வரையுங்கள்; பிறர் வரைய விடாதீர்கள். அன்று மணல்மேட்டில் குடிசை போட்டவர்கள் ஓர் ஊரையே விட்டுச் சென்றார்கள். நீங்கள் ஆளுக்கொரு கடையையேனும் விட்டுச் செல்லுங்கள்.