உளியும் தொலைநோக்கியும்



ரிட்டயர் ஆகி என்ன செய்றீங்கன்னு கேக்கறாங்க. பகலில் உளி, இராத்திரி வானம். ஜான் டாப்சன் வழியில் பிளைவுட்டில் நானே செய்த தாங்கியில் தொலைநோக்கியை வைத்து, சனிக்கிரகத்தை வீடியோ எடுக்கிறேன். தனிப்படத்தில் காற்றின் நடுக்கம்தான் தெரியும். தெளிவான சில நூறு படங்களைப் பொறுக்கிக் கணினியில் அடுக்கினால், அடடா! (2025-ல் வளையம் விளிம்பைக் காட்டி, கோடாக மெலிந்துபோனது வேறு கதை.)

தேக்கைக் குறுக்கே சீவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் வளையம்தான். பருவத் தொடக்கத்தில் பெரிய துளைகள், அப்புறம் சின்னது. அதைப் பார்த்த பிறகுதான் உளி எங்கே சிக்கும்னு புரிஞ்சுது.

நம்ம தாவரவியல் துறையின் பழைய மைக்ராஸ்கோப்புகளை ஏலம் போடப் போறாங்களாம். வேண்டாமே! கேமரா பொருத்தித் தருவது என் செலவு. சனிக்கிழமைதோறும் நானே வந்து சொல்லித் தர்றேன்.