பிடி நழுவாத பிளேயரைப் பார்த்து வாங்குவோம்

(நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், குழாய் மற்றும் அடிபம்பு பழுது பார்க்கும் தொழில் செய்யும் குழு ஒன்றின் ஊக்குநர் பேசியது. கூட்டத்திற்கு வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம்.)



இந்தக் கூட்டத்தில் எப்போதும் சேமிப்பு, கடன், தவணை என்றுதான் பேசுவோம். இன்று நான் ஒரு பிளேயரைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீங்க. இதோ என் கையில் ரெண்டு பிளேயர் இருக்கிறது. ஒன்று 150 ரூபாய், இன்னொன்று 550 ரூபாய். பார்த்தால் ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி ஒரே சாயல்தான். ஆனால் இந்த 150 ரூபாய் பிளேயர் எங்கள் குழுவுக்கு எவ்வளவு செலவு வைத்தது என்பதைச் சொல்லத்தான் வந்தேன். இதை வாங்கியது நான். அதனால் நான்தான் சொல்ல வேண்டும்.

முதலில் இது என்ன கருவி என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இதற்கு லாக்கிங் பிளேயர் என்று பெயர். கடையில் ‘வைஸ் கிரிப்’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். சாதாரண கட்டிங் பிளேயரை நாம் அழுத்திப் பிடித்திருக்கிற வரைக்கும்தான் அது பிடிக்கும். கையைத் தளர்த்தினால் விட்டுவிடும். இது அப்படியில்லை. கைப்பிடியை அழுத்தினால் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும். பிறகு நாம் கையை எடுத்தாலும் கவ்வினது கவ்வினபடியே நிற்கும். உள்ளே இருக்கிற சின்ன விசையைத் தட்டினால்தான் விடும்.

டென்மார்க் நாட்டில் பிறந்து அமெரிக்காவுக்குப் போய் நெப்ராஸ்கா மாநிலத்தில் பட்டறை வைத்திருந்த பீட்டர்சன் என்ற கொல்லர் கண்டுபிடித்தது இது. பூட்டிக்கொள்கிற இந்த அமைப்பு வந்தது 1924-ல். அவர் வைத்த வைஸ் கிரிப் என்ற பெயரைத்தான் நூறு வருஷம் கழித்து நம்ம ஊர் கடையிலும் சொல்கிறார்கள். தனியாளாக வேலை செய்கிறவனுக்கு மூன்றாவது கை வேண்டும். அந்த மூன்றாவது கைதான் இது.

நமக்கும் அந்தக் கை வேண்டியிருக்கிறது. நம்ம ஊர்ப் பக்கம் அடிபம்பு என்றால் பெரும்பாலும் இந்தியா மார்க் 2, மார்க் 3 தான். ஊர்க்காரர்களே சுலபமாகப் பழுது பார்க்கிற மாதிரி பம்பு வேண்டும் என்று 1983 முதல் 1988 வரை கோயம்புத்தூர் பக்கம் சோதனை செய்து பார்த்துத்தான் மார்க் 3 வந்தது. 2019-ல் ஜல் ஜீவன் திட்டம் தொடங்கிய பிறகு வீட்டுக்கு வீடு குழாயும் வந்தது. குழாய் வந்தால் ஒழுகலும் வரும். அதனால்தான் எங்கள் குழுவில் ஆறு பேர் பயிற்சி எடுத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்கினோம்.

வேலைக்குப் போனால் முதலில் வழி மறிப்பது துருப்பிடித்த நட்டுதான். மழையிலும் வெயிலிலும் நின்ற பம்பு. பலபேர் சரியில்லாத ஸ்பேனர் போட்டுத் திருகி, நட்டின் ஆறு முனையும் மழுங்கி உருண்டையாகப் போயிருக்கும். ஸ்பேனர் போட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த மாதிரி இடத்தில் கடித்துப் பிடித்துத் திருப்புவதற்குத்தான் இந்தப் பிளேயர்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். கருவிப் பெட்டி வாங்க டவுனுக்கு நாலு பேர் போனோம். பணம் என் கையில் இருந்தது. கடைக்காரர் இந்த ரெண்டையும் எடுத்துப் போட்டார். எங்கள் குழுவில் பூக்கட்டி விற்கிற ஒரு அக்கா இருக்கிறார். அவர் 150 ரூபாய் பிளேயரைக் கையில் வாங்கி வாயைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். “ஏம்மா, இது லொடலொடன்னு ஆடுதே, பெரிசையே வாங்கிடலாமே”ன்னு சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அக்கா, இது பொதுப்பணம். ரெண்டும் ஒரே வேலைதானே செய்யுது. 400 ரூபாய் மிச்சம் பண்ணினா குழுவுக்குத்தானே?” அன்றைக்குக் கூட்டத்தில் அந்த 400 ரூபாயைப் பெருமையாகச் சொல்லி, தீர்மான நோட்டிலும் எழுதினேன்.

ரெண்டாவது மாசம் ஒரு தெருவில் அடிபம்பு வேலை. மேல் தலைப்பகுதியைத் தொட்டியோடு சேர்க்கிற நாலு போல்ட்டில் ஒன்று கழலவே இல்லை. நட்டு உருண்டு போயிருந்தது. அந்த அக்காதான் இந்தப் பிளேயரைப் பூட்டி, உடம்பு பலத்தையெல்லாம் கொடுத்துத் தள்ளினார். பல் வழுக்கிவிட்டது. கை நேராகப் போய் இரும்பு விளிம்பில் மோதியது. சுண்டு விரல் கணுவில் நல்ல ஆழமான வெட்டு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் ஆறு தையல் போட்டு, ஊசி போட்டார்கள். இருபது நாள் அவரால் பூக்கட்ட முடியவில்லை. ஒரு நாளைக்கு 200 ரூபாய் என்று வைத்தால்கூட 4,000 ரூபாய் போச்சு. அந்த விரல் இன்றைக்கும் முழுசாக மடங்கவில்லை. அதற்கு என்ன விலை போடுவது?

தெருவில் நின்று பார்த்தவர்கள், “பொம்பளைங்க கையில ஸ்பேனரைக் கொடுத்தா இப்படித்தான்”னு பேசினார்கள். தப்பு பொம்பளை கையில் இல்லை, அந்தக் கையில் நான் கொடுத்த கருவியில். ஆனால் அதை யாரிடம் போய் விளக்குவது? அதற்குப் பிறகு ரெண்டு மாசம் எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

சகோதரிகளே, மூன்று விலைப்புள்ளி வாங்கி எது குறைவோ அதை எடுப்பது நமக்குப் பழக்கம். அரிசி, பருப்புக்கு அது சரி. ஆனால் இறுகப் பிடிக்கிற கருவிக்கு வேலையே நழுவாமல் இருப்பதுதான். நழுவினால் அது பாதி வேலை செய்த கருவி ஆகாது, ஆளை அடிக்கிற கருவி ஆகிவிடும். அதனால் விலையைக் கேட்பதற்கு முன்னால் கருவியைக் கையில் வாங்கிப் பாருங்கள். எப்படிப் பார்ப்பது என்று நான் பிறகு கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலாவது, ஆட்டம். வாயைக் கொஞ்சம் திறந்து வைத்து, ரெண்டு பக்கமும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ரிவிட் அடித்த இடத்தில் லொடலொடப்பு இருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். புதுசிலேயே ஆடுகிறது, பழசானால் என்ன ஆகும்?

ரெண்டாவது, வாய். வாயை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் நேருக்கு நேர் சேர வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் நட்டைக் கோணலாகக் கடிக்கும், வழுக்கும். பல் கூர்மையாக, வெட்டு வெட்டாகத் தெரிய வேண்டும். பூச்சுக்குள் மூழ்கி மொழுமொழுவென்று இருக்கக் கூடாது. பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீங்க. பளபளப்பு துருப்பிடிக்காமல் இருக்கப் பூசுவது, பலம் அதில் இல்லை.

மூன்றாவது, பல்லின் கடினம். இதுதான் முக்கியம். கடைக்காரரிடம் ஒரு பழைய இரும்பு போல்ட்டு கேளுங்கள். அதில் பிளேயரை நன்றாக இறுக்கிப் பூட்டி, திருகிப் பார்த்துவிட்டு எடுங்கள். பல்லின் தடம் போல்ட்டில் விழுந்திருக்க வேண்டும். போல்ட்டின் தடம் பல்லில் விழுந்திருந்தால் அது மெத்து இரும்பு. எங்கள் 150 ரூபாய் பிளேயரின் பல்லைப் பாருங்கள், ரெண்டே மாசத்தில் கிழவி பல் மாதிரி தேய்ந்திருக்கிறது.

நாலாவது, இரும்பின் வகை. நல்ல பிளேயரின் வாய் அடித்து உருவாக்கி, சூடேற்றிக் கடினப்படுத்தியதாக இருக்கும். குரோம் வனேடியம் அல்லது குரோம் மாலிப்டினம் கலந்த எஃகு என்று மேலே பொறித்திருக்கும். இங்கிலீஷ் படிக்கத் தெரியாவிட்டால் கடைக்காரரைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆனால் எழுத்தை யாரும் பொறிக்கலாம். அதனால் எழுத்தைப் பார்த்த பிறகும் போல்ட்டில் பூட்டிப் பார்க்காமல் விடாதீங்க.

அஞ்சாவது, பின்னால் இருக்கிற திருகு. வாயின் அளவைக் கூட்டிக் குறைப்பது இதுதான். ரெண்டு விரலால் முழுசும் உள்ளே விட்டு வெளியே எடுத்துப் பாருங்கள். எங்கேயும் சிக்காமல் ஓட வேண்டும். உள்ளே இருக்கிற ஸ்பிரிங், விட்டவுடனே வாயைத் திறக்க வேண்டும்.

ஆறாவது, நம்ம கை. இதை யாரும் சொல்ல மாட்டார்கள். கருவியைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஆம்பளைக் கையை மனசில் வைத்துத்தான் செய்கிறார்கள். 10 இன்ச் பிளேயரின் கைப்பிடி விரிந்திருக்கும்போது உங்கள் விரல் எட்டுகிறதா? ஒரு கையால் பூட்டவும், ஒரு கையால் விடுவிக்கவும் முடிகிறதா? யார் வேலை செய்யப் போகிறாரோ அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். பம்பு வேலைக்கு 10 இன்ச் வேண்டும். வீட்டுக் குழாய், தையல் மெஷின், சைக்கிள் வேலைக்கு 7 இன்ச் போதும், கைக்கும் அடக்கமாக இருக்கும். வாய் வளைந்திருப்பது நட்டுக்கும் உருண்டைக் கம்பிக்கும் ஏற்றது. வாய் நேராக இருப்பது தகடு மாதிரி தட்டையான பொருளுக்கு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் வளைந்ததை வாங்குங்கள்.

வாங்கும்போது பில் கேட்டு வாங்குங்கள். பெயர் பெற்ற கம்பெனி மாதிரியே எழுத்து மாற்றிப் போட்ட போலிகளும் உண்டு. பில் இருந்தால்தான் மாற்றித் தரச் சொல்ல முடியும், நம்ம கணக்குக்கும் அது வேண்டும்.

நல்ல கருவி வாங்கினால் மட்டும் போதாது, பிடிக்கவும் தெரிய வேண்டும். கைப்பிடியை மூடி வைத்து வாயை நட்டின் அளவுக்குச் சரி செய்யுங்கள். பிறகு திறந்து, திருகை அரைச் சுற்று உள்ளே விட்டு, நட்டில் வைத்து அழுத்துங்கள். ஒரு கையால் அழுத்தி ‘டக்’கென்று பூட்ட வேண்டும். முடியவில்லை என்றால் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள், சுத்தியால் தட்டிப் பூட்டாதீங்க. துருப்பிடித்த நட்டுக்கு முதலில் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் பொறுங்கள். முதலில் கொஞ்சம் இறுக்குகிற பக்கம் அசைத்து, பிறகு கழற்றுகிற பக்கம் திருப்புங்கள். தள்ளாமல் உங்கள் பக்கம் இழுங்கள். தள்ளித்தான் ஆக வேண்டும் என்றால் விரலை மடக்காமல் உள்ளங்கையால் தள்ளுங்கள். அந்த அக்கா அன்று விரலை மடக்கித் தள்ளினார். எங்களுக்கும் அப்போது தெரியவில்லை.

எங்கெல்லாம் போடக் கூடாது என்பதும் முக்கியம். நல்ல நட்டில் போடாதீங்க, முனை போய்விடும், அதற்கு ஸ்பேனர் இருக்கிறது. பிளாஸ்டிக் பைப்பில் போட்டால் நசுங்கும். கைப்பிடி வெறும் இரும்பு, அதனால் கரண்டு இருக்கிற இடத்தில் வேண்டவே வேண்டாம். கைப்பிடியில் பைப் சொருகி நீளமாக்கித் திருப்பாதீங்க. முக்கியமாக, அடிபம்பின் பைப்பை மேலே தூக்கும்போது அதைத் தாங்க கிளாம்ப் இருக்கிறது, உள்கம்பியைப் பிடிக்க ராடு வைஸ் இருக்கிறது. அந்த இடத்தில் இந்தப் பிளேயரைப் போட்டு எடையைத் தொங்கவிடாதீங்க. நழுவினால் எல்லாம் போருக்குள்ளே போய்விடும்.

வேலை முடிந்ததும் பல்லில் இருக்கிற துருவையும் மண்ணையும் பிரஷால் தட்டி, திருகிலும் ரிவிட்டிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள். பூட்டியபடியே வைக்காமல் தளர்த்தி வையுங்கள். இந்த 550 ரூபாய் பிளேயரை அந்த அக்கா கை ஆறிய பிறகு நாங்கள் வாங்கினோம். இது மூன்றாவது வருஷம். பல் அப்படியே இருக்கிறது, பாருங்கள். இப்போது அந்தத் தெருவே எங்களைத்தான் கூப்பிடுகிறது.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். அன்று கடையில் அந்த அக்கா கையில் வாங்கிப் பார்த்துச் சொன்னார். பணம் வைத்திருந்த நான் கேட்கவில்லை. இப்போது எங்கள் குழுவில் ஒரு தீர்மானம் போட்டிருக்கிறோம். எந்தக் கருவி வாங்கினாலும், அதை வைத்து வேலை செய்யப் போகிறவர் கடைக்கு வர வேண்டும், அவர் சரி என்று சொன்னால்தான் பணம் கொடுக்க வேண்டும். தையல் மெஷினாக இருந்தாலும் சரி, மாவு மில்லாக இருந்தாலும் சரி, உங்கள் குழுவிலும் இதை யோசியுங்கள்.

அந்த அக்கா அதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். “நீயே போய்ச் சொல்லு, இன்னொருத்திக்கு இப்படி ஆகக் கூடாது”ன்னு என்னை அனுப்பி வைத்ததும் அவர்தான். கூட்டம் முடிந்ததும் இந்த ரெண்டு பிளேயரும் அவரிடம் இருக்கும். போய் வாங்கி, ஒவ்வொருவரும் கையில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.