கணினி விளையாட்டு கடைக்கு வரும் வழி



"எப்போது பார்த்தாலும் கேம்! படிக்கிற பிள்ளைக்கு இது தேவையா?" என்று நாம் பிள்ளைகளைக் கடிந்துகொள்கிறோம். அளவு மீறினால் கடிந்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால், அந்த விளையாட்டையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து உருவாக்கியிருக்கிறாரே, அது எப்படிக் கடைக்கு வந்தது என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

கன்சோல் என்பது விளையாடுவதற்கென்றே செய்த கணினிப் பெட்டி. நிண்டெண்டோ ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் ஆகியவை அவ்வகை. இவை ஒவ்வொன்றுக்கும் இணையத்தில் ஒரு கடை உண்டு. முன்பு விளையாட்டைத் தட்டில் பதித்து, பெட்டியில் அடைத்து, ஊர் ஊராக அனுப்ப வேண்டும். சிறியவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. இணையக் கடை வந்தபின் சிறு குழுவுக்கும் வழி பிறந்தது.

கனடாவின் டொரோண்டோ நகரில் விசை கேம்ஸ் என்ற சிறு குழு 'வெண்பா' என்னும் விளையாட்டை உருவாக்கியது. 1980களில் தமிழகத்திலிருந்து கனடாவில் குடியேறிய ஒரு குடும்பத்தின் கதை அது. அம்மா வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின். தாய்வீட்டுச் சமையல் குறிப்பேடு கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. இட்லியும் புட்டும் எப்படிச் செய்வது என்று ஆடுபவரே கண்டுபிடிக்க வேண்டும். அதில் துப்பாக்கிச் சண்டை இல்லை. தாய்மொழியை விட்டு விலகும் மகனைப் பார்த்து ஏங்கும் தாயின் மனம் இருக்கிறது. 2023 ஜூலை 31இல் அது கன்சோல் கடைகளுக்கு வந்தது. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு, சிறந்த முதல் படைப்புக்கான விருதை அதற்கு அளித்தது.

சரி, கடைக்குள் நுழைவது எப்படி? முதலில் கன்சோல் நிறுவனத்திடம் பதிவுசெய்து, ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். அவர்கள் ஏற்றுக்கொண்டால், சோதனைக்கான தனிக் கருவி கிடைக்கும். சாதாரணக் கணினியில் செய்ததை அந்தப் பெட்டிக்கு ஏற்றவாறு திருத்த வேண்டும். எந்த வயதினருக்கு ஏற்றது என்ற தரக்குறியும் பெற வேண்டும்.

அடுத்தது பரிசோதனை. கதை நன்றாக இருக்கிறதா என்பதல்ல அங்கே கேள்வி. ஆட்டம் நடுவில் உறைந்து நிற்கிறதா? கைப்பிடியின் மின்கலம் தீர்ந்தால் ஆட்டம் காத்திருக்கிறதா? சேமித்து வைத்தது அழியாமல் இருக்கிறதா? இவற்றில் பிழை கண்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திருத்தி மீண்டும் கொடுக்க வேண்டும். பால் வெட்டியவர்களுக்கு இது புதிதல்ல. வாளி நிறைந்திருந்தால் மட்டும் போதுமா? ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்த்துத்தானே கணக்கு எழுதினார்கள்!

விற்பனையில் கடைக்கும் பங்கு உண்டு. நூற்றுக்கு முப்பது என்பதே நெடுங்கால வழக்கம். கடையில் வைத்துவிட்டால் மட்டும் விற்றுவிடும் என்ற உறுதியும் இல்லை. 'ஸ்டார்டியூ வேலி' என்ற புகழ்பெற்ற விளையாட்டை அமெரிக்கரான எரிக் பரோன் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனியாக உருவாக்கினார். அப்போது அரங்கு ஒன்றில் பகுதிநேர வேலையும் பார்த்தார். அது 2016 பிப்ரவரியில் கணினிக்கும், அதே ஆண்டு டிசம்பரில் கன்சோலுக்கும் வந்தது.

ஆகவே பெற்றோர்களே, ஆர்வமுள்ள பிள்ளையை விரட்ட வேண்டாம். படிப்பையும் விடச் சொல்ல வேண்டாம். சிறிதாக ஒன்றைத் தொடங்கி, அதை முடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒப்பந்தம் வந்தால் விவரம் அறிந்தவரிடம் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள்.

இட்லிப் பானை உலகக் கடைக்குப் போய்விட்டது. நம் லயத்து வீடுகளிலும் கதைகள் உண்டு. இன்றிரவு பிள்ளையிடம் ஒன்றைச் சொல்லிப் பாருங்களேன்.