மின் நின்றால் மூச்சும் நிற்பதா?



1930களில் பைக்காரா மின்னாற்றலால் ஆலைகள் பெருகிய மண் கொங்குமண். 2012-ஆம் ஆண்டு மின்வெட்டில் மின்னாக்கி வாங்கி ஓட்டிய பட்டறைக்காரர் அனைவரும் ஒன்றை அறிவர்: பேணாத பொறி வேண்டும்பொழுது எழாது.

2019 மே 7 மாலை, மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மின்சாரம் நின்றது, மின்னாக்கியும் கைவிட்டது. செயற்கை மூச்சில் இருந்த ஐவர் மாண்டனர். நோய் முற்றியதே காரணம் என்றது நிருவாகம். ஆகட்டும், மின்னாக்கி கைவிட்டதற்கு அது விடையாகுமா?

மின்னாக்கியின் புகையை அளக்க நம் நாட்டில் விதியுண்டு. ஓசையும் ஒரு மீட்டர் தொலைவில் 75 டெசிபலைத் தாண்டலாகாதாம். நன்று! அமெரிக்க நெறிமுறையோ, மருத்துவமனைப் பொறி 10 நொடிக்குள் எழுந்து மின் தரவேண்டும், திங்கள்தோறும் 30 நிமிடம் சுமையேற்றி ஓட்டிப் பார்க்கவேண்டும் என்கிறது. வெறுமனே முடுக்கி அணைப்பது ஆய்வாகாது. மின்கலம் செத்துக் கிடந்தால் புதுப்பொறியும் வெற்றிரும்பே.

கோவை, ஈரோடு, திருப்பூர் மருத்துவமனைகளிலும் குடிநீரேற்று நிலையங்களிலும் இவ்வாய்வு சட்டக் கடமையாதல் வேண்டும். பொத்தான்களின் பெயர்கள் தமிழில் பொறிக்கப்பெறல் வேண்டும். நள்ளிரவில் முடுக்க ஓடிவருபவர் பெரும்பாலும் காவலாளே. கடைசியாக ஓட்டிய நாள், ஓடிய நேரம், எண்ணெய் இருப்பு ஆகியவற்றை நோயாளியின் உறவினரும் படிக்குமாறு வாயிற்பலகையில் எழுதி வைக்கட்டும்.