ஸகராத் வேளையில் நாம்

மரணத் தறுவாயில் இருப்பவருக்குக் கலிமாவை நினைவூட்டுவது சுன்னத். ஆனால், "சொல்லுங்கள், சொல்லுங்கள்" என நெருக்குவதை நம் இமாம்கள் வெறுத்தார்கள். அவர் செவியில் விழுமாறு மெல்ல மொழிந்தால் போதும். அவர் ஒருமுறை சொல்லிவிட்டால், வேறு பேச்சுப் பேசாதவரை மீண்டும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாமே இதில் ஒருமுறை தவறினோம். புற்றுநோயால் படுத்திருந்த பெரியவர் உதட்டை அசைத்தார். கலிமாவுக்குத்தான் என்றெண்ணி உரத்து ஓதினோம். மகள்தான் குனிந்து காது கொடுத்தார்; அவர் கேட்டது தண்ணீர். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்ததும், ஒரு கடனைச் சொன்னார். மகன் பொறுப்பேற்றார். பிறகு கலிமாவை அவராகவே மொழிந்தார்.

நாயகம் (ஸல்) அவர்களின் இறுதி வேளையில், அவர்களின் பார்வை மிஸ்வாக்கின் மீது சென்றதைக் கண்டே அன்னை ஆயிஷா (ரலி) அதை வாங்கி, மென்று பதமாக்கிக் கொடுத்தார்கள்.

யாஸீன் ஓத வருவோர் இருவர் மூவராக முறைவைத்து வாருங்கள். நோயாளியின் முகம் வீட்டாருக்குத் தெரியட்டும்.