சோத்துப்போசி கட்டும் கலை



கச்சேரியையும் நாடகத்தையும் எடைபோட்டுப் பேச ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது திருப்பூரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஏழே முக்காலுக்குள் முடிந்துவிடுகிற ஒரு கலை. ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் நடக்கிறது. கைதட்ட ஆளில்லை. சோத்துப்போசி, அதாவது மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரம், கட்டுவதைத்தான் சொல்கிறேன்.

பனியன் கம்பெனியில் எட்டரை மணிக்கு ஷிஃப்ட் ஆரம்பம். கம்பெனி வேன் எட்டு மணிக்கே தெருமுனையில் வந்து ஹாரன் அடிக்கும். அதற்குள் வீட்டுக்காரருக்கு ஒரு போசி, பெண்ணுக்கு ஒன்று, பையனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. இரண்டு அடுப்புதான். ஒன்றில் குக்கர், மற்றதில் முதலில் டீ, பிறகு பொரியல், பிறகு தோசைக்கல். எது முதலில், எது அடுத்தது என்று யோசிக்க நேரம் இல்லை. கை தானாகப் போகும்.

இதில் இருக்கிற நுட்பத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். ஏழு மணிக்குச் சமைத்தது ஒரு மணிக்குத்தான் வாய்க்குப் போகிறது. இடையில் ஆறு மணி நேரம். அதுவும் பங்குனி சித்திரை வெயிலில், தகரக்கூரை ஷெட்டில். ஆக, போசி கட்டுகிறவர் இந்த நிமிடத்து ருசிக்காகச் சமைப்பதில்லை. மத்தியான ருசியைக் காலையிலேயே கணக்குப் போடுகிறார். கோடையில் பொரியலுக்குத் தேங்காய்ப்பூ போட மாட்டார், மதியத்துக்குள் நொந்துவிடும். சோற்றை ஆவி போக விட்டுத்தான் மூடுவார், மூடியின் உள்பக்கத்தையும் ஒருமுறை துடைப்பார். இல்லாவிட்டால் வேர்த்துக் கொட்டி மேல்சோறு சொதசொதவென்று ஆகிவிடும். தயிர்ச்சோற்றுக்குப் பாலை ஊற்றிப் பிசைந்து ஒரு கரண்டி தயிரை மட்டும் விடுவார். அது போசிக்குள்ளேயே உறைந்து, ஒரு மணிக்குத் திறக்கும்போது புளிக்காமல் சரியான பதத்தில் இருக்கும். எலுமிச்சைச் சோறு என்றால் அடுப்பை அணைத்த பிறகுதான் சாறு. கசக்கக் கூடாது என்பதற்காகச் செய்கிறார். சாற்றில் உள்ள வைட்டமின் சி சூட்டில் வீணாகாமல் இருப்பது கூடுதல் லாபம்.

கொங்குநாட்டு அரிசியும் பருப்பும் சோற்றை இந்தக் கலையின் உச்சம் என்றே சொல்வேன். அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, கொஞ்சம் சீரகம், மிளகு. எல்லாம் ஒரே குக்கரில், ஒரே தடவையில். குழம்பு தனியாக வேண்டாம். ஆறினாலும் குணம் கெடாது. அரிசியோடு பருப்பு சேர்வதால் ஒன்றில் குறையும் புரதச் சத்தை மற்றது ஈடுகட்டுகிறது. நகரத்து ஓட்டல்காரர்கள் இதைக் கண்டுகொள்ளவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் இது ஓட்டலுக்கு ஏற்பட்ட சாப்பாடு இல்லை, விடுங்கள்.

இவ்வளவு தேர்ந்த கலையில் ஒரே ஒரு பெரிய ஓட்டை. நாலு போசியும் கட்டி முடித்தவர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவதில்லை.

செக்கிங் செக்‌ஷனில் காலை ஒன்பதரைக்கு இப்படிப் பேச்சு நடக்கும்.

"ஏனுங்க்கா, சாப்டாச்சுங்களா?"

"எங்க கண்ணு... வேன் வந்துருச்சு. டீ டைம்ல பாத்துக்கலாம் வுடு."

டீ டைமில் என்ன பார்க்கிறார்? ஒரு டீ, ஒரு தேங்காய் பன்; இல்லையென்றால் பேக்கரியிலிருந்து வந்த பப்ஸ். முந்தின நாள் ராத்திரி ஒன்பதரைக்குச் சாப்பிட்டவருக்கு அடுத்த உருப்படியான சாப்பாடு மறுநாள் ஒரு மணிக்குத்தான். நடுவில் பதினைந்தரை மணி நேரம். அதில் பாதியை அவர் தூங்கிக்கூடக் கழிக்கவில்லை. நின்றுகொண்டும் ஓடிக்கொண்டும் இருந்திருக்கிறார்.

இதன் விளைவு ரத்தத்தில் தெரிகிறது. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல். படியேறினால் மூச்சு வாங்குவது, மத்தியானம் மூன்று மணிக்குக் கண் சொக்குவது, குழந்தையிடம் காரணமில்லாமல் எரிந்து விழுவது, முடி கொட்டுவது எல்லாவற்றையும் "வேலை ஜாஸ்திங்க" என்ற ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம். வேலை ஜாஸ்திதான். ரத்தமும் கம்மி.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாளைக்கு இவ்வளவு இரும்புச்சத்து வேண்டும் என்று 2020-இல் ஒரு பட்டியல் வெளியிட்டது. ஆணுக்கு 19 மில்லிகிராம், பெண்ணுக்கு 29. மாதவிடாயில் மாதாமாதம் ரத்தம் போவதால் இந்தக் கூடுதல். ஆக, வீட்டில் யாருடைய தட்டு சத்தாக இருக்க வேண்டுமோ, அந்தத் தட்டில்தான் கடைசியாக மிஞ்சினது விழுகிறது. முட்டை மூன்றுதான் இருந்தால் அது யார் யாருக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, என்ன செய்வது? பத்திரிகைகளில் வருகிற யோசனைகளைப் படித்தால் எனக்குச் சிரிப்பு வரும். அரை மணி நேரம் முன்னதாக எழுந்து யோகா செய்யுங்கள், பாதாமை ஊறவையுங்கள், பழச்சாறு பிழியுங்கள் என்று எழுதுகிறார்கள். ஐந்து மணிக்கு எழுகிறவரை நாலரைக்கு எழுப்புவதற்குப் பெயர் ஆரோக்கியமா? புதிதாக ஒரு வேலையையும் அவர் தலையில் ஏற்றாமல், ஏற்கெனவே கைவந்த கலைக்குள்ளேயே வரிசையை மாற்ற முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும்.

முதலில், போசிகளை நிரப்பும் வரிசை. தன் போசியைக் கடைசியில் வழித்துப் போடுவதை விட்டு முதலில் நிரப்பட்டும். பருப்பும் கீரையும் முட்டையும் அப்போது தானாக அதில் விழும். குக்கர் திறந்ததும் ஒரு கிண்ணம் தனக்கு எடுத்துவைத்து, அடுத்த போசி ஆவி போகிற நேரத்தில் நின்றபடியாவது சாப்பிட்டுவிடலாம். உட்கார்ந்து சாப்பிடுவது நல்லதுதான். ஆனால் உட்கார நேரமில்லை என்று சாப்பிடாமலே போவதைவிட நின்று சாப்பிடுவது எவ்வளவோ மேல். முந்தின நாள் ராகிக்களி மிஞ்சியிருந்தால் மோரில் கரைத்துக் குடித்துவிட்டு ஓடலாம். 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. நாற்பதைத் தொடும் எலும்புக்கு அது வேண்டும்.

அடுத்தது டீ. டீயை விடச் சொன்னால் திருப்பூரில் யாரும் என் பேச்சைக் கேட்க மாட்டார்கள், நானும் விடுகிற ஆள் இல்லை. நேரத்தை மட்டும் தள்ளிவைக்க வேண்டும். டீயிலும் காபியிலும் உள்ள துவர்ப்புப் பொருள் கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ வேண்டாம். இதற்கு நேர் எதிர் வேலை செய்வது வைட்டமின் சி. பஸ் ஸ்டாண்டில் மிளகாய்ப்பொடி தூவி விற்கும் கொய்யா, போசி மூலையில் ஒரு துண்டு நெல்லிக்காய், முருங்கைக்கீரைப் பொரியலில் பிழிந்த எலுமிச்சை. காசும் அதிகமில்லை, கூடுதல் பாத்திரமும் இல்லை.

தண்ணீர் விஷயத்தைச் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். லைனை விட்டு அடிக்கடி எழுந்து போனால் சூப்பர்வைசர் முகம் மாறும் என்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருக்கிற பெண்கள் ஏராளம். பாட்டில் சாயங்காலம் முக்கால்வாசி நிறைந்தபடியே வீடு திரும்புகிறது. நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவெளியில்லாமல் வேலை வாங்கக் கூடாது, குறைந்தது அரை மணி ஓய்வு வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைச் சட்டத்தில் எழுதிவைத்தார்கள். கழிப்பறையும் குடிநீரும் அதே சட்டத்தில் இருந்தன. இதெல்லாம் முதலாளி மனமிரங்கிக் கொடுக்கிற சலுகை இல்லை. கேட்டுப் பெற வேண்டியது.

ராத்திரி நிலைமை இன்னும் கடினம். ஆர்டர் நெருக்கும்போது ஒன்றரை ஷிஃப்ட். எட்டரைக்கு விட்டால் வீடு வந்து சேர ஒன்பது. அதற்குமேல் மாவு ஆட்டுவதா? கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, சந்தோஷம். ஆனால் வார நாளில் மாவுப் பாக்கெட் வாங்குகிற மருமகளைக் குறை சொல்கிற மாமியார்களுக்கு என் தாழ்மையான விண்ணப்பம்: அந்த ஒரு மணி நேரம் அவருடைய தூக்கம். பாக்கெட் மாவு நம் வீட்டு மாவு மாதிரி வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆறு மணி நேரத் தூக்கம் ஐந்தாகக் குறைவதைவிட ருசி கொஞ்சம் குறைந்த இட்லி மோசமில்லை.

காலை வேளையில் அரசாங்கம் ஒரு பாரத்தை இறக்கியிருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிவான காலை உணவுத் திட்டம். உப்புமாவோ பொங்கலோ கிச்சடியோ, சின்னவன் பள்ளிக்கூடத்திலேயே சாப்பிட்டுவிடுகிறான். குழந்தைகளின் பசியை வைத்துத்தான் இந்தத் திட்டத்தை எல்லோரும் பேசுகிறோம். அம்மாவுக்குக் கிடைத்த இருபது நிமிடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்த இருபது நிமிடத்திலும் துணி துவைக்கப் போய்விடாதீர்கள் என்பது மட்டும்தான் என் கவலை.

வீட்டுக்குள் இறங்க வேண்டிய பாரம் இன்னும் இறங்கவில்லை. 2024-இல் நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் சராசரியாகச் செலவிடுவது 289 நிமிடம். ஆண்கள் 88. அதே வேனில் போய், அதே கம்பெனியில் வேலை செய்து, அதே வேனில் திரும்புகிற கணவன் மனைவி விஷயத்திலும் இந்த வித்தியாசம் பெரிதாக மாறுவதில்லை. போசி கட்டுகிற நுட்பம் ஒரே நாளில் வந்துவிடாது என்று ஆண்கள் சாக்கு சொல்லலாம். போசி கழுவ எந்த நுட்பமும் வேண்டாம். தயிர் காய்ந்து ஒட்டிய நாலு போசியையும் ராத்திரியே ஊறவைத்துத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டால், காலை ஐந்து மணி வேலையில் கால் மணி குறையும்.

கடைசியாக ஒன்று. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனை இலவசமாகச் செய்கிறார்கள். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே என்றால் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் டீயோடும் பாலோடும் போடாதீர்கள். எலுமிச்சைச் சாறோடு போடுங்கள். மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம். வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நீங்களாக நிறுத்தாமல் நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்வார், இல்லை மாத்திரையை மாற்றித் தருவார். ஒரு மாதத்தில் தெம்பு வந்ததும் பாட்டிலை அலமாரியில் தூக்கி வைத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். ரத்தம் சரியான பிறகும் உடம்பில் இருப்புச் சேர மூன்று மாதம் போல மாத்திரையைத் தொடர வேண்டியிருக்கும். அந்தப் பாட்டிலைப் போசிப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.